எஃப் மேல் ஒரு கோடு, ஜே மேல் ஒரு கோடு

கல்லூரியில் இரண்டாம் பருவத்தில் தட்டச்சும் ஆவண வடிவமைப்பும் சேர்ந்த ஒரு பாடம் இருந்தது. வாரத்துக்கு நான்கு மணி நேரம், எல்லாமே லேபில்தான். இரண்டு சுட்டுவிரல்களால் அடித்துப் பழகியவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர். நானும் அதில் ஒருத்தி. நிமிடத்துக்கு 28 சொற்கள் வரும். இதற்கு மேல் என்ன கற்க இருக்கிறது என்றுதான் முதல் நாள் போய் உட்கார்ந்தேன்.

மேடம் எல்லாக் கீபோர்டுகள் மேலும் ஒரு துணியைப் போர்த்தி, கையைத் துணிக்குக் கீழே விடச் சொன்னார். "எஃப் மேலயும் ஜே மேலயும் சின்னதா ஒரு கோடு தட்டுப்படும். சுட்டுவிரலால அதைத் தேடுங்க" என்றார். எத்தனையோ வருடங்களாகக் கீபோர்டைத் தொடுகிறேன், அந்தக் கோடுகளை அன்றுதான் உணர்ந்தேன். இடது சுட்டுவிரல் எஃப், அதற்கு இடப்பக்கம் வரிசையாக டி, எஸ், ஏ. வலது சுட்டுவிரல் ஜே, அதற்கு வலப்பக்கம் கே, எல், அரைப்புள்ளி. கட்டைவிரல் ஸ்பேஸ்பார் மேல். விரல் எங்கே போனாலும் திரும்பி வர வேண்டிய இடம் இதுதான்.

முதல் வாரத்தில் என் வேகம் 9 சொற்களுக்கு இறங்கியது. அந்த நாட்கள் உண்மையிலேயே கஷ்டமானவை. தெரியாத ஒன்றைக் கற்பது வேறு, தெரிந்த ஒன்றைக் கைவிட்டுவிட்டுக் கற்பது வேறு. வீட்டில் மற்ற பாடங்களுக்கான வேலையை அடிக்கும்போது அவசரத்தில் பழைய இரண்டு விரல்களுக்கே போய்விடுவேன். மறுநாள் லேபில் விரல்கள் தடுமாறும். அப்புறம் ஒரு முடிவு எடுத்தேன்: எவ்வளவு நேரமானாலும் சரி, எந்த வேலையானாலும் புது முறையில்தான் அடிப்பது. மூன்று வாரங்கள் எல்லாமே தாமதமாயிற்று. ஆனால் இந்த ஒரு முடிவு இல்லாமல் எனக்கு இது வந்திருக்காது. புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சுண்டுவிரல்தான் மிகவும் படுத்தியது. ஏ, க்யூ, இசட், பி, ஷிஃப்ட், எண்டர் என்று பலம் குறைந்த விரலுக்கு இவ்வளவு வேலை. பெரிய எழுத்துக்கு ஷிஃப்டை எதிர்க்கையால் அழுத்த வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. இடக்கை எழுத்தென்றால் வலப்பக்க ஷிஃப்ட்.

முதல் மாதம் பேக்ஸ்பேஸ் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தவறு தவறாகவே கிடக்கட்டும், வகுப்பு முடிந்ததும் வட்டமிட்டுப் பாருங்கள் என்றார். அப்படிப் பார்த்தபோதுதான் என் தவறுகளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது தெரிந்தது. ஆங்கிலத்தில் டி, எச், இ என்று வரும் 'தி' என்ற சொல்லை நான் அடிக்கடி டி, இ, எச் என்று அடித்திருந்தேன். டியும் இயும் இடக்கை, எச் வலக்கை. வலக்கை வந்து சேருவதற்குள் இடக்கை தன் இரண்டு எழுத்துகளையும் முடித்துவிடுகிறது. தவறு விரலில் இல்லை, இரண்டு கைகளின் தாளத்தில் இருந்தது. இதைச் சொன்னதும் மேடம் என் மேசையருகே நின்று பேனாவால் ஒரே சீராகத் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து, வேகமும் வேண்டாம், மெதுவும் வேண்டாம். பத்தே நாளில் அந்தத் தவறு நின்றது.

வேகக் கணக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும், பலர் இதில் குழம்புகிறார்கள். தட்டச்சில் ஒரு சொல் என்பது இடைவெளியும் சேர்த்து 5 விசைத் தட்டல். 5 நிமிடத்தில் 1,000 தட்டினால் 200 சொல், அதாவது நிமிடத்துக்கு 40. திருத்தாமல் விட்ட பிழைகள் 10 இருந்தால் நிமிடத்துக்கு 2 கழியும், நிகர வேகம் 38. வேகத்தை விரட்டிப் பிழையைப் பெருக்கினால் ஒன்றும் மிஞ்சாது.

மேடம் ஒருநாள் சொன்ன கதை மனதில் நின்றுவிட்டது. 1888 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு தட்டச்சுப் போட்டி நடந்தது. ஃபிராங்க் மெக்கரின் என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளருக்கும் லூயி ட்ரௌப் என்பவருக்கும் போட்டி. மெக்கரின் விசைகளின் இடத்தை மனப்பாடம் செய்து, கீழே பார்க்காமல் அடித்தார், அவரே வென்றார். தாளுக்கும் விசைக்கும் நடுவே கண் அலையவில்லை என்பதுதான் அவருடைய பலம். அதற்குப் பிறகு பார்க்காமல் அடிக்கும் முறை பரவலாயிற்று.

வடிவமைப்புப் பகுதியில் விழுந்த அடி வேறு மாதிரி. வேர்டில் 12 பக்கத்துக்கு ஓர் அறிக்கை கேட்டிருந்தார்கள். நான் அழகாகச் செய்தேன். தலைப்புகளைத் தேர்ந்து பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் வைத்தேன். புதுப் பக்கம் வேண்டுமென்றால் எண்டரைத் தட்டிக்கொண்டே போனேன். கையெழுத்துக்கான இடத்தை வலப்பக்கம் கொண்டுபோக ஸ்பேஸ்பார். பொருளடக்கத்தைக் கையால் அடித்து, புள்ளி புள்ளியாக வைத்துப் பக்க எண் போட்டேன். என் திரையில் ஒரு குறையும் தெரியவில்லை.

லேப் கணினியில் திறந்தபோது எல்லாம் சரிந்துவிட்டது. நான் பயன்படுத்திய ஃபாண்ட் அதில் இல்லை. வேறு ஃபாண்ட் வந்து உட்கார, வரிகள் நீண்டு, ஒரு தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாக நின்றது. கையெழுத்து இடம் அடுத்த பக்கத்துக்குப் போனது. பொருளடக்கத்தில் ஓர் எண்கூடப் பொருந்தவில்லை.

மேடம் எதுவும் சொல்லாமல் கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினார். மறைந்திருந்த குறிகள் எல்லாம் திரையில் வந்தன. ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு எண்டருக்கும் ஒரு பத்திக்குறி. அறிக்கையில் எழுத்தைவிட அவையே அதிகமாகத் தெரிந்தன. "கண்ணுக்குத் தலைப்பு மாதிரி தெரியுது. ஆனா இது தலைப்புன்னு நீ ஆவணத்துக்குச் சொல்லவே இல்லையே" என்றார்.

அந்த வாக்கியம் புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. புரியவைத்தது மேடம் அல்ல. எங்கள் வகுப்பில் பார்வையற்ற தோழி ஒருத்தி இருந்தாள். எங்களில் நன்றாகத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். எஃப், ஜே கோடுகளைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவள். குழு வேலைக்காக என் அறிக்கையை அவளுக்கு அனுப்பினேன். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானில் கேட்டுவிட்டு வந்து கேட்டாள்: "உன் அறிக்கையில தலைப்பே இல்லையா? அப்புறம் நடுவுல வெற்று வரி, வெற்று வரின்னு சொல்லிக்கிட்டே இருக்கு, எப்ப முடியும்னே தெரியல." பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நான் தட்டிய எண்டர்கள் ஒவ்வொன்றையும் அந்தக் குரல் வாசித்தது. ஒழுங்காகச் செய்த ஆவணத்தில் எச் விசையை அழுத்தினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் போகலாம் என்று வேறொரு கோப்பில் காட்டினாள். என் கோப்பில் எச் அழுத்தினால் போவதற்கு இடமே இல்லை. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அன்று மாலையே முதலிலிருந்து தொடங்கினேன். அத்தியாயத் தலைப்புக்கு ஹெடிங் 1, உட்பிரிவுக்கு ஹெடிங் 2 என்று வேர்டிலேயே இருக்கும் தலைப்பு ஸ்டைல்கள். எழுத்தின் அளவோ நிறமோ மாற வேண்டுமென்றால் ஸ்டைலை ஒருமுறை மாற்றினால் போதும், எல்லாத் தலைப்புகளும் சேர்ந்து மாறும். பத்திகளுக்கு நடுவே எண்டருக்குப் பதில் பத்திக்குப் பின்னான இடைவெளி. புதுப் பக்கத்துக்குக் கண்ட்ரோல் எண்டர். கையெழுத்து இடத்துக்கு வலப்பக்க டேப் நிறுத்தம். தலைப்பு தனியாக நிற்காமல் அடுத்த பத்தியோடு சேர்ந்தே போக ஓர் அமைப்பு இருக்கிறது. ஹெடிங் ஸ்டைலில் அது ஏற்கெனவே இருந்தது. பொருளடக்கம் தானாக உருவானது, எஃப்9 அழுத்தினால் பக்க எண்கள் சரியாகிவிடும்.

என்னை அதிகம் திணறடித்தது பக்க எண். முன்பக்கங்களுக்கு ரோமன் எண், உள்ளே போனதும் 1 என்று தொடங்க வேண்டும். சாதாரணப் பேஜ் பிரேக்கால் இது நடக்காது. ஆவணத்தைத் தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் செக்‌ஷன் பிரேக் வேண்டும். அதைப் போட்டாலும், பக்க எண் உட்காரும் ஃபுட்டர், அதாவது பக்கத்தின் அடிப்பகுதி, முந்தைய பகுதியின் ஃபுட்டரோடு இணைந்தே இருக்கும். அந்த இணைப்பைத் துண்டிக்காமல் ஒரு பகுதியின் ஃபுட்டரில் இருப்பதை மாற்றினால் இன்னொரு பகுதியிலும் மாறும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் போயின. பிற்பாடு ஆய்வேடு எழுதிய நண்பர்கள் பலருக்கு இதையேதான் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன்.

பார்க்காமல் அடிக்கும் பழக்கம்தான் பிறகு தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைக் கற்கவும் உதவியது. அதில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய் வரிசை பெரும்பாலும் வலப்பக்கம். மெய்யும் உயிரும் மாறி மாறி வரும் மொழிக்கு இரு கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. எஃப் இருந்த இடத்தில் புள்ளி, ஜே இருந்த இடத்தில் ப. 'அம்மா' என்று அடிக்க ம விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கிக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய மகிழ்ச்சி.

பருவ முடிவில் என் நிகர வேகம் 42. இறுதி அறிக்கையை மேடத்திடம் தருவதற்கு முன் தோழிக்கு அனுப்பினேன். என் பக்கத்திலேயே உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எச், எச், எச் என்று தட்டிக்கொண்டே போனாள். கடைசி அத்தியாயத்தில் நிறுத்தி, "இங்க ஹெடிங் 1-க்கு அப்புறம் நேரா 3-க்குப் போயிடுச்சு. 2 வரணும்" என்றாள். பார்த்தேன், ஆமாம். மாற்றினேன். மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள்.

"இப்ப சரி" என்றாள்.