பிசிஓஎஸ்: மாத்திரைக்கு முன் ஆறு மாதம் இயற்கை முறை, சரியா தவறா?

பச்சிலை:
பிசிஓஎஸ் (ஹார்மோன் சமநிலை குலைந்து, சினைப்பையிலிருந்து கருமுட்டை சரிவர வெளியேறாத நிலை) இருந்து மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது என்றதும் எடுத்த எடுப்பிலேயே கருத்தடை மாத்திரை எழுதுவதை நான் ஏற்கவில்லை. மாத்திரையை நிறுத்திய பிறகு பழைய கதைதான். ஏனென்றால் அடியில் இருக்கும் இன்சுலின் எதிர்ப்பு (உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாத நிலை) அப்படியே இருக்கிறது. ஆறு மாதம் இயற்கை முறைக்குக் கொடுங்கள் என்பதுதான் என் வாதம். வாரம் 150 நிமிடம் வேக நடை. அடுத்தடுத்து வராத இரண்டு நாட்களில் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. இன்சுலின் வேலைக்கு உதவும் இனோசிட்டால் என்ற சத்துப்பொருளின் இரு வகைகள்: காலையும் மாலையும் வேளைக்கு மையோ இனோசிட்டால் 2 கிராம், கூடவே டி-கைரோ இனோசிட்டால் 50 மி.கி. ஸ்பியர்மின்ட் (ஒரு வகைப் புதினா) தேநீர் இரண்டு கோப்பை. வைட்டமின் டி, ரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால் மட்டும். எடை கூடியிருப்பவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சுழற்சி சீராக வாய்ப்புண்டு.

நிலவரம்:
இன்சுலின் பற்றிச் சொன்னதில் தகராறு இல்லை. "ஆறு மாதம்" என்பதில்தான் எனக்குச் சண்டை. கருமுட்டை வெளியேறாவிட்டால் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் போதுமான அளவு சுரக்காது. ஈஸ்ட்ரோஜென் மட்டும் தனி ஆட்சி நடத்தும், கர்ப்பப்பை உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். அப்படியே விட்டால் சிலருக்கு அந்தத் தடிப்பு புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்குப் போகிறது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்பது ஊரறிந்த விஷயம். 90 நாள் தாண்டியும் வரவில்லை என்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மருத்துவர் எழுதும் புரோஜெஸ்டோஜென் (புரோஜெஸ்ட்ரோன் போல வேலை செய்யும்) மாத்திரையை 10 முதல் 14 நாள் எடுத்து உட்சுவரை உதிர வைக்க வேண்டும். இந்த வேலையை நம்பிச் செய்யக்கூடிய மூலிகை எதுவும் கிடையாது.

இன்னொன்று. கருத்தடை மாத்திரை வெறும் மூடி போடும் வேலை அல்ல. அது எல்எச் (கருமுட்டை வெளியேற்றத்தைத் தூண்டும் ஹார்மோன்) அளவைத் தணிக்கிறது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரலில் கூட்டுகிறது. முகப்பருவும் தேவையற்ற முடியும் குறைவது அதனால்தான்.

பச்சிலை:
90 நாள் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குத் தினமும் கருத்தடை மாத்திரை எதற்கு? மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த 10, 14 நாள் கோர்ஸ் போதுமே. இடையில் உணவு, பயிற்சி, இனோசிட்டால் ஓடட்டும்.

நிலவரம்:
உட்சுவருக்குப் போதும். தேவையற்ற முடிக்கும் முகப்பருவுக்கும் அது ஒன்றும் செய்யாது. எதற்காக வைத்தியம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அல்லி:
இனோசிட்டால்ல நிறைய பேர் டப்பாவைச் சரியா படிக்கிறதே இல்ல. முன்பக்கம் "2000 மி.கி." னு பெருசா போட்டிருக்கும், பின்னாடி பார்த்தா அது 4 கேப்சூலுக்கான அளவு. ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு "மூணு மாசமா எடுக்கறேன், பலனே இல்ல" னு சொன்னா எப்படி? அந்தக் கேப்சூல் கணக்குல ஒரு நாளைக்கு 8 ஆகும். பொடியா வாங்கித் தண்ணில கலக்கறது சுலபம். மையோவுக்கும் டி-கைரோவுக்கும் விகிதம் 40:1 தான். டி-கைரோ மட்டும் அதிக அளவுல எடுத்தா கருமுட்டைத் தரம் கெடலாம்ங்கிற கவலை இருக்கு, கூடுதல் நல்லதுன்னு நினைக்காதீங்க.

ஆனா பச்சிலை, ஒரு உண்மையையும் சொல்லணும். 2023 சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டி இனோசிட்டாலை "எடுத்துப் பார்க்கலாம், தீங்கு குறைவு" ங்கிற அளவுலதான் வெச்சிருக்கு. வளர்சிதை மாற்றத்துல கொஞ்சம் நன்மை வரலாம். கருமுட்டை வெளியேற்றம், முடி, எடை விஷயத்துல பலன் குறைவுன்னுதான் சொல்லுது.

குடுவை:
ஆய்வகப் பக்கத்திலிருந்து. முடி உதிர்வுக்கு என்று விற்கும் பயோட்டின் மாத்திரையில் 5, 10 மி.கி. இருக்கும். நாளின் தேவை 30 மைக்ரோகிராம்தான். சில கருவிகளில் இது டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பொய்யாகக் குறைத்தும் டெஸ்டோஸ்டீரோனைப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2, 3 நாள் முன்பே நிறுத்துங்கள். இல்லாத தைராய்டு நோய்க்கு வைத்தியம் ஆரம்பித்துவிடுவார்கள்.

கருமுட்டை வெளியேறியதா என்று அறியப் புரோஜெஸ்ட்ரோனை "21ஆம் நாள்" பார்ப்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. 35 நாள் சுழற்சி என்றால் 28ஆம் நாள், அதாவது அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன். தவறான நாளில் எடுத்துவிட்டு "மூலிகை வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டுவது அபத்தம். வீட்டில் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் எல்எச் பட்டையும் பிசிஓஎஸ்ஸில் ஏமாற்றும், ஏனென்றால் பலருக்கு எல்எச் எப்போதுமே சற்று உயரத்தில் நிற்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மல் என்று நிம்மதி அடைய வேண்டாம், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவே முக்கியம்.

பச்சிலை:
குடுவை சொன்னது எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டியது. ஸ்பியர்மின்ட்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், சோதனையில் டெஸ்டோஸ்டீரோன் இறங்கியிருக்கிறது.

நிலவரம்:
30 நாள் சோதனை. ரத்தத்தில் இறங்கியது, தேவையற்ற முடியை மதிப்பிடும் அளவுகோலில் மாற்றம் பதிவாகவில்லை. முடியின் வளர்ச்சிச் சுழற்சி மாதக்கணக்கில் ஓடுவது, எந்த மருந்தானாலும் ஆறு மாதத்துக்கு முன் முடியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. குடியுங்கள், கெடுதல் இல்லை. எனக்கு உறுத்துவது, இதற்கென்று சிலர் எடுக்கும் அதிமதுரம். அதிலுள்ள கிளைசிரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும்.

பச்சிலை:
தேவையற்ற முடிக்காக ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு அதுவே அனுகூலம் அல்லவா? அந்த மாத்திரை அழுத்தத்தை இறக்கிப் பொட்டாசியத்தை ஏற்றுகிறது, இது எதிர்த்திசையில் இழுக்கிறது.

நிலவரம்:
காகிதத்தில் அழகாக இருக்கிறது. கிளைசிரைசின் அளவு வேருக்கு வேர் மாறும். எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாமல் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சமன் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடிப்பது.

அல்லி:
சர்க்கரையைக் குறைக்கன்னு எடுக்கற பெர்பெரின்ங்கிற தாவரச் சத்தும் அப்படித்தான், கவனமா இருக்கணும். 500 மி.கி. மூணு வேளை, சாப்பாட்டோட. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினோட சேர்த்தா வயிறு படுத்தும். கல்லீரல்ல மருந்தைச் சிதைக்கிற நொதிகளையும் தடுக்கும், அதனால வேற மருந்து எடுக்கறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம ஆரம்பிக்கக் கூடாது. கர்ப்பத்துல அறவே வேண்டாம். மெட்ஃபார்மின் ரொம்ப நாளா எடுக்கறவங்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதைப் பாருங்க.

வைடெக்ஸ்ங்கிற மூலிகை பத்தி யாரும் பேசல. அது பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டினைக் குறைக்கத்தான் பேர் போனது. எல்எச் ஏற்கெனவே கூடுதலா இருக்கறவங்களுக்கு அது ஏன்னு எனக்குப் புரியல.

பச்சிலை:
வைடெக்ஸ் என் பட்டியலில் இல்லை. புரோலாக்டின் கூடுதலாக இருந்தால் முதலில் அதற்கான காரணத்தைத் தேட வேண்டும்.

குடுவை:
கடைசியாக ஒன்று. எடை குறைந்தாலும் இனோசிட்டால் எடுத்தாலும் கருமுட்டை வெளியேற்றம் திரும்பினால், அது முதல் மாதவிடாய்க்கு இரண்டு வாரம் முன்பே நடந்துவிடும். "எனக்குத்தான் மாதவிடாயே வருவதில்லையே" என்று இருப்பவர்கள் கர்ப்பமாகலாம். ஸ்பைரோனோலாக்டோன், பெர்பெரின் இரண்டும் கர்ப்பத்தில் ஆகாது, எடுப்பவர்கள் இதற்கு முன்பே கருத்தடைக்கு வழி செய்துகொள்ளுங்கள். குழந்தை வேண்டும் என்பவர்கள் அந்த இரண்டையும் தொடாமல், ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராமை இப்போதே தொடங்கலாம்.