குஞ்சு வாங்கலாமா, வேண்டாமா? வாங்கியவர்கள் வாங்கிய கதையைச் சொல்லுங்கள்

புதுக்கூண்டு:

கோழி வளர்க்கலாமா என்று எங்கள் வீட்டில் பேச ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும். மகள் இன்னும் வாங்காத கோழிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருப்பாள். மனைவி, “எச்சத்தை யார் அள்ளுவது?” என்று கேட்பாள். நான் “பார்க்கலாம்” என்பேன். வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கட்டில் போடுகிற அளவுக்கு இடம் இருக்கிறது. எங்கள் பகுதியில் பெட்டைகள் வளர்க்கத் தடையில்லை, சேவல் மட்டும் கூடாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இதுவரை உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

எப்படி வளர்ப்பது என்று படித்துப் படித்துக் குழம்பியதுதான் மிச்சம். அதனால் வேறு ஒன்று கேட்கிறேன். முதல் குஞ்சை வாங்கிய நாளில் உங்களுக்கு என்ன நடந்தது? வாங்காமல் திரும்பி வந்தவர்கள் இருந்தால் அவர்களும் சொல்லலாம். நல்லதை மட்டும் சொல்ல வேண்டாம்.

உமிமூட்டை:

நான் பூச்செடி வாங்கப் போனவன். எட்டுக் குஞ்சோடு திரும்பினேன். முடிவெடுத்தேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. பெட்டிக்குள் கையை விட்டேன், ஒன்று விரல் மேல் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

விற்றவர் அட்டைப்பெட்டியில் பக்கத்துக்கு நாலு ஓட்டை போட்டு, “இன்னும் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது” என்றார். நம் தலையில் கட்டுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதானாம். முட்டையோட்டை உடைத்து வெளியே வருவதற்குச் சற்று முன்னால் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் வரை தாங்கும். பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து ஊர் விட்டு ஊர் அனுப்ப முடிவது அதனால்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை தண்ணீர். ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை நனைத்து விட்டேன். ஒன்று தலையைத் தூக்கி விழுங்கியதும் மற்றவையும் அதைப் பார்த்துக் குடித்தன. கிண்ணத்தில் கூழாங்கல் போடச் சொல்லியிருந்தார், போட்டேன். தூங்கி வழியும் குஞ்சு ஆழமான தண்ணீரில் முகம் கவிழ்ந்தால் எழுந்திருக்காது.

இரவுதான் சோதனை. பெட்டிக்கு மேலே ஒரு பல்பு தொங்கவிட்டேன். முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி போலக் குறைக்க வேண்டும் என்று படித்திருந்ததால் வெப்பமானியும் மாட்டினேன். 34 காட்டியது. நிம்மதியாகப் படுத்தேன். இரவு ஒரு மணிக்குச் சத்தம். பகலில் கேட்ட முணுமுணுப்பு இல்லை, ஊசி போல விடாத கீச்சல். போய்ப் பார்த்தால் எட்டும் பல்புக்கு நேர்கீழே ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அடியில் இருந்தது மூச்சுக்குத் தவித்தது. வெப்பமானி அப்போதும் 34-தான் காட்டியது. அதை மாட்டியிருந்தது பல்பின் பக்கத்தில், குஞ்சின் முதுகு உயரத்தில் இல்லை! கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும்.

பல்பைக் கீழே இறக்கினேன். அதிகமாக இறக்கிவிட்டேன் போலிருக்கிறது, காலையில் எல்லாம் சுவரோரமாக ஒதுங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. மறுபடி கொஞ்சம் ஏற்றினேன். அப்புறம் வெப்பமானியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பெட்டி முழுக்கப் பரவிக் கிடந்தால் சரி, ஒரே மூலையில் எல்லாம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது. நன்றாகத் தூங்கும் குஞ்சு கழுத்தை நீட்டி, காலைப் பரப்பி, துணி மாதிரி கிடக்கும். முதல்தடவை பார்த்தபோது செத்துவிட்டது என்று கையில் எடுத்தேன். எழுப்பியதற்குத் திட்டு வாங்கினேன்.

இரண்டு தப்பு செய்தேன். அடியில் செய்தித்தாள் விரித்தது முதல் தப்பு. வழுக்கி வழுக்கி ஒன்றுக்குக் கால் இரண்டு பக்கமும் அகன்றுவிட்டது. உமியோ மரச்சீவலோ, கால் பிடிக்கிற எதையாவது போட்டிருக்க வேண்டும். இரண்டாவது, பின்பக்கத்தைப் பார்க்காதது. பயணத்திலும் சூட்டிலும் வாடிய குஞ்சுக்கு எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஊறவைத்துத் துடைக்க வேண்டும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். நான் கவனித்தது மூன்றாம் நாள் மாலை. நாலாம் நாள் ஏழு குஞ்சுதான் இருந்தது.

பல்பைச் சங்கிலி போட்டு இரண்டு இடத்தில் கட்டுங்கள். உமியில் விழுந்தால் தீதான். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், பாப்பா முத்தம் கொடுக்கக் கூடாது. பார்க்கப் பஞ்சு மாதிரி இருந்தாலும் சால்மொனெல்லா கிருமி அதன் எச்சத்தில் இருக்கலாம்.

ஐந்துசேவல்:

என் கதை பெயரிலேயே இருக்கிறது. ஆண் பெண் பிரிக்காத குஞ்சு ஆறு வாங்கினேன். பாதிக்குப் பாதி என்றால் மூன்று வர வேண்டும் இல்லையா? ஆறு வாரம் ஆனபோது ஒவ்வொன்றுக்காகக் கொண்டை சிவந்தது. ஐந்தில் வந்து நின்றது. இத்தனைக்கும் முட்டைக்காகத்தான் வாங்கினேன். முட்டை இடுவதற்குச் சேவலே தேவையில்லை, குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் வேண்டும். ஒரு பெட்டைக்கு ஐந்து மாப்பிள்ளை. அந்தப் பெட்டையின் முதுகில் ஒரு சிறகு மிஞ்சவில்லை, கடைசியில் அதைத் தனியாகப் பிரித்து வைத்தேன்.

பிரித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் குஞ்சின் எச்சத்துளையை அழுத்திப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வித்தை 1930-களில் ஜப்பானிலிருந்து மற்ற நாடுகளுக்குப் பரவியது. கை பழகியவர்கள் நூற்றில் ஏதோ சிலதைத்தான் தவறவிடுவார்கள். சில கலப்பினங்களில் பொரித்த அன்றே நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம், அது இன்னும் சுலபம். எப்படியானாலும், “சேவலாக வளர்ந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?” என்று வாங்கும்போதே கேளுங்கள். உங்கள் ஊரில்தான் சேவல் கூடாதே. நான் கேட்கவில்லை. ஐந்தையும் கொடுத்து முடிக்க மூன்று மாதம் ஆனது, அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். கோழி கூவித்தான் விடிகிறது என்று நம்புகிறவர்கள் என் வீட்டில் தங்கியிருக்க வேண்டும். விடியற்காலை மூன்றுக்கே கூவும்.

பச்சைக்குஞ்சு:

ஒரு கண்காட்சியில் பையன் அடம்பிடித்து இரண்டு சாயக்குஞ்சு வாங்கினான், ஒன்று பச்சை, ஒன்று ரோஸ். ரோஸ் இரண்டாம் நாளே போய்விட்டது. நாள் முழுக்கப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருந்தார்கள், சூடும் இல்லை, தூக்கமும் இல்லை. பச்சை பிழைத்தது. சாயம் ஏறியிருந்தது பஞ்சுரோமத்தில்தான். சிறகு முளைக்க முளைக்க வெள்ளைச் சேவல் வெளியே வந்தது.

இப்படிச் சாயம் பூசி வருபவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்து ஆண்குஞ்சுகள். முட்டையும் இடாது, கறியும் சீக்கிரம் பிடிக்காது என்பதால் பண்ணைக்கு அவை வேண்டாத சுமை. பொரித்த அன்றே கொன்றுவிடுவதுதான் உலகெங்கும் வழக்கமாக இருந்தது. ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து அதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பச்சைக்குஞ்சு மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது. ஆனால் இன்னொரு தடவை வாங்க மாட்டேன்.

கனமானகை:

நான் வாங்கியது கறிக்கோழிக் குஞ்சு என்பதே எனக்குத் தெரியாது. மஞ்சளாக இருந்தது, வாங்கினேன். ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ. ஓடவில்லை, சீய்க்கவில்லை, தீவனத்தட்டின் முன்னாலேயே உட்கார்ந்தபடி தின்றது. அதன் கால் அந்த உடம்புக்காகச் செய்ததில்லை. ஒன்பதாவது வாரம் ஒரு மதியம் அப்படியே சரிந்தது. என்ன இனம், எதற்காக வளர்க்கிற இனம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

பன்னிரண்டுநாள்:

வாங்காதவள் நான். தம்பி, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

எனக்கும் உங்களைப் போல ஆசை இருந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் பன்னிரண்டு நாள் வெளியூர் போனபோது அவர்களுடைய நாலு பெட்டைகளை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். வெள்ளோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பகலில் அவை பாட்டுக்கு இருந்தன. புழுதிக்குழியில் புரள்வதை முதல்தடவை பார்த்தபோது வலிப்பு வந்துவிட்டது என்று ஓடினேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி புரண்டது. சிரமம் இரண்டு நேரத்தில்தான். விடிந்ததும் கதவைத் திறக்க வேண்டும், இருட்டியதும் மூட வேண்டும். உள்ளே அவையாகவே போய்விடும், தாழ்ப்பாளை அவை போட முடியாது.

ஐந்தாம் நாள் வேலையிலிருந்து வர ஒரு மணி நேரம் தாமதம். மூன்று உள்ளே இருந்தன, ஒன்று மதில் மேல் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருந்தது. நாலில் எல்லாரிடமும் கொத்து வாங்குவது அதுதான். தீனிக்கும் கடைசி, உள்ளே போவதற்கும் கடைசி. கோழிகளுக்குள் இப்படி ஒரு கொத்துவரிசை உண்டென்று 1921-இல் எழுதியவர் ஷெல்டெருப்-எப்பே என்கிற நார்வேக்காரர். சிறுவயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் கணக்கு வைத்திருந்தவராம். அந்தக் கடைசிக்காரியைக் கையில் எடுத்தபோது இதயம் என் உள்ளங்கையில் அடித்தது. அன்றைக்கே தெரிந்துவிட்டது. எனக்கு மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. கதவை மூட ஆள் கிடையாது.

நீங்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள், உங்களால் முடியலாம். ஆனால் குஞ்சைப் பார்க்கப் போவதற்கு முன் ஒன்று பேசி முடித்துவிடுங்கள். பெட்டை முட்டையிடத் தொடங்க நாலரை, ஐந்து மாதமாகும். முதல் இரண்டு வருடம் நன்றாக இடும், பிறகு குறையும். ஆனால் ஆறு ஏழு வருடம் உயிரோடு இருக்கும். பாப்பா பெயர் வைத்த கோழி முட்டை நிறுத்திய பிறகு என்ன செய்யப்போகிறீர்கள்?

உமிமூட்டை:

அக்கா கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டில் இன்னும் பதில் இல்லை. ஏழில் நாலு ஓய்வுபெற்றுச் சும்மா சுற்றுகின்றன.

இரும்புத்தாழ்:

தாழ்ப்பாள் என்றதும் என் பங்குக்கு ஒன்று. கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. அறுகோண ஓட்டை போட்ட மெல்லிய வலையை நாய் ஒரே இழுப்பில் கிழித்தது. குஞ்சாக இருக்கும்போது எலி அந்த ஓட்டை வழியாகவே வந்து போயிற்று. இப்போது அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை. மண்ணுக்குள்ளும் ஒரு அடி இறக்கியிருக்கிறேன். செலவு கோழியில் இல்லை, கூண்டில்தான்.

அடைக்கோழி:

என்னிடம் பல்பே கிடையாது. மூன்று வாரமாகக் கூமுட்டை மேல் அடை உட்கார்ந்து எழ மறுத்த கோழி ஒன்று இருந்தது. ஒருநாள் வயதுக் குஞ்சு ஐந்து வாங்கி வந்து, நல்ல இருட்டில், ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கடியில் தள்ளி, முட்டைகளை உருவிக்கொண்டேன். கையில் இரண்டு கொத்து. அப்புறம் அடித்தொண்டையில் ஒரு சத்தம், அதுவரை அது போட்டு நான் கேட்காத சத்தம். காலையில் தானியத்தை எடுத்து எடுத்துக் கீழே போட்டுக் குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் இன்னொரு கோழியிடம் இதையே பகலில் செய்தேன். ஒரு குஞ்சைக் கொத்திக் கொன்றுவிட்டது. இருட்டில்தான் செய்ய வேண்டும், குஞ்சும் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.

பெரிய கோழிகளோடு விட்டால் ஒரு கவலை. முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சு தின்றுவிடும். அதில் முட்டையோட்டுக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நான் எல்லாருக்கும் குஞ்சுத்தீவனமே வைத்துவிட்டு, கிளிஞ்சல் பொடியைப் பெரியவர்களுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் தனியாக வைத்தேன்.

புதுக்கூண்டு:

எல்லாருக்கும் நன்றி. அக்காவின் கேள்வியை அன்று இரவே வீட்டில் வைத்தேன். முட்டை நின்றாலும் அவை இங்கேயே இருக்கும் என்று மகள் சொல்லிவிட்டாள். “அப்படியானால் எச்சமும் ஏழு வருடம்” என்றாள் மனைவி. அதற்குப் பிறகுதான் விவரம் பேசவே ஆரம்பித்தோம். மாலையில் கதவு மூடுவது மனைவி, அவள்தான் முதலில் வீட்டுக்கு வருகிறவள். அள்ளுவது நான்.

குஞ்சு பொரிப்பகத்துக்குப் போய் வந்தேன், கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு. நாலு பெட்டைகள், நிறத்தை வைத்துப் பிரிக்கக்கூடிய கலப்பினம். தப்பித்தவறிச் சேவலானால் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கோழிகளை முடக்கிக் கொல்லும் மேரெக் நோய்க்கான தடுப்பூசியைப் பொரித்த அன்றே அங்கேயே போட்டுவிடுவார்களாம். கையில் இருந்த குஞ்சுகளெல்லாம் வேறு ஒருவருக்கு என்றார். எனக்கான முட்டைகளை என் கண்முன்னாலேயே பொரிப்பானில் அடுக்கினார். 21 நாள்.

இன்று நாலாம் நாள். மகள் சுவரில் கோடு போட்டுக்கொண்டு வருகிறாள். சதுரக்கண் வலை அடித்தாயிற்று, மண்ணுக்குள்ளும் இறக்கியாயிற்று. கதவுக்குத்தான் இன்னும் தாழ்ப்பாள் வாங்கவில்லை.