தமிழும் சிங்களமும் உள்ள பங்கில் தவக்காலத்தை எப்படிச் சேர்ந்து நடத்துவது?

நீர்கொழும்பான்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கத்தோலிக்கப் பங்கு நீர்கொழும்புக் கரைப்பக்கம். ஞாயிறு காலை ஆறரைக்குத் தமிழ்ப் பூசை, எட்டு மணிக்குச் சிங்களப் பூசை. வருடம் முழுக்க இரண்டு பக்கத்தாரும் கோவில் வாசலில் மட்டும்தான் சந்தித்துக்கொள்கிறோம். 2026 பெப்ரவரி 18 விபூதிப் புதன், அன்றைக்குத் தவக்காலம் தொடங்குகிறது, இந்த முறை அதைச் சேர்ந்தே நடத்த வேண்டும் என்று பங்குக் குருவான சுவாமி சொல்லிவிட்டார், பங்குச் சபையில் பொறுப்பு எனக்கு. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையை (இயேசு சிலுவை சுமந்த வழியை 14 தலங்களாக, அதாவது கட்டங்களாக, நினைத்துச் செபிப்பது) இப்படி வைத்துப் பார்த்தோம்: ஒவ்வொரு தலமும் தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம். ஒன்றே முக்கால் மணி நேரம் போனது. பத்தாம் தலத்துக்கு வரும்போது பாதிப் பேர் இல்லை, முழங்கால் வலியோடு சில அம்மாமார்தான் கடைசிவரை நின்றார்கள். அதை நினைத்தால் இன்னும் மனம் கஷ்டப்படுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிலாபத்துக்காரன்:
தம்பி, முதலில் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்வதை விடுங்கள். ஒரு தலத்துக்கு ஒரு மொழி போதும், 14 தலம் ஏழு ஏழாகப் பிரியும். இயேசு விழுவதும் தாயைச் சந்திப்பதும் எந்த மொழியில் சொன்னாலும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, தேவையானவர்களுக்குக் கையில் ஒரு தாள் கொடுத்தால் சரி. மக்கள் சொல்லும் பதிலை மட்டும் இரண்டு மொழியிலும் பழக்குங்கள், குட்டிப் பதில்தான், இரண்டு வெள்ளிக்கிழமையில் வந்துவிடும்.

இன்னொன்றையும் சபையில் சொல்லுங்கள், ஏனென்றால் "அவர்களுக்கு வேறு, எங்களுக்கு வேறு வைத்தால் என்ன" என்று யாராவது கேட்பார்கள். பெரிய வியாழன் மாலைப் பூசை ஒரு கோவிலில் ஒன்றுதான், ஆயர் விசேஷமாக அனுமதித்தால் தவிர. ஈஸ்டருக்கு முந்திய இரவு நடக்கும் பாஸ்காத் திருவிழிப்பும் ஒன்றுதான். அந்த இரவு எப்படியும் ஒன்றாக நிற்கத்தான் போகிறோம், அதுவரை ஒருவர் குரலை ஒருவர் கேட்காமல் இருந்துவிட்டு அன்றைக்கு மட்டும் எப்படிச் சேர்ந்து பாடுவது? திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகம் மட்டும் ஏழு (குறைத்தாலும் மூன்று வேண்டும், செங்கடல் வாசகத்தை விடவே கூடாது), மாற்றி மாற்றி இரு மொழியிலும் வாசிக்கலாம். வாசகர்களை இப்போதே தேடுங்கள்.

பாடகர்குழு அக்கா:
தாளில் ஒரு சிக்கல் இருக்கிறது தம்பி. நம் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசி, பாடசாலையில் சிங்களம் படித்த பிள்ளைகள் எத்தனை பேர்! பாட்டியோடு தமிழில் செபமாலை சொல்லும், தமிழ் எழுத்தைக் காட்டினால் திகைத்து நிற்கும். நாங்கள் தமிழ்ப் பாட்டைச் சிங்கள எழுத்திலும், சிங்களப் பாட்டைத் தமிழ் எழுத்திலும் அடித்துக் கொடுத்தோம். முதல் ஞாயிறே கோவில் நிறையச் சத்தம் வந்தது. நான் அழுதுவிட்டேன்.

அப்புறம் பசாமை விட்டுவிடாதீர்கள், இயேசுவின் பாடுகளை இராகத்தோடு பாடும் புலம்பல்தான் அது, சிங்களத்தில் பசன் என்பார்கள். கோவாவிலிருந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி, சிங்களவர் பாடும் பசன் பாடல்களையும் எழுதினார், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நம் வியாகுலப் பிரசங்கத்தையும் எழுதினார். இரண்டு மொழியிலும் அழ வைத்த ஒரே மனிதர், 1742இல் நம் பக்கத்துப் போலவத்தையில்தான் இறந்தார். ஒரு வெள்ளி இரவு சிங்கள அம்மாமார் பசன் பாட, நம் ஆட்கள் அடுத்ததாகப் பிரசங்கம் படிக்கட்டும். மொழிபெயர்ப்பே வேண்டாம், அந்த இராகம் போதும்.

மடுப்பக்கம்:
ஒரு எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த ஒரு பங்கில் குருத்து ஞாயிறன்று பாடுகளின் வரலாற்றைப் பகுதி பிரித்து வாசித்தார்கள். இயேசுவின் வார்த்தைகள் ஒரு மொழியில், "சிலுவையில் அறையும்" என்று கத்தும் கூட்டம் மற்ற மொழியில். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, யாரிடம் நல்ல குரல் இருந்ததோ அவருக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் நம் நாட்டில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பூசை முடிந்து வெளியே வந்த ஒரு வயதானவர் யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். கூட்டத்தின் பகுதியை இரண்டு மொழிக்காரரும் சேர்ந்து சொல்லட்டும், நாம் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தானே.

நீர்கொழும்பான்:
அக்கா, அண்ணாமார், மிக்க நன்றி. குருத்து ஞாயிறு விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது. தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மார்ச் 8, சமாரியப் பெண் நற்செய்தி வருகிறது, யூதரும் சமாரியரும் பழகாத காலத்தில் இயேசு அவளிடம் தண்ணீர் கேட்கிறார். அன்றைக்கு ஒரே பூசையாக வைக்கலாமா என்று சுவாமியிடம் கேட்கப் போகிறேன். சுவாமியிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

சிலாபத்துக்காரன்:
எந்தச் சுவாமி எந்த மொழியில் கேட்பார் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு இருக்கைக்கு முன்னும் மாட்டுங்கள், இரண்டு மொழியிலும். அரை மணி நேரம் வரிசையில் நின்று முழங்காலிட்ட பிறகு மொழி புரியவில்லை என்றால், அந்த ஆள் அடுத்த வருடம்தான் வருவார். பக்கத்துப் பங்குச் சுவாமிமாரை இப்போதே கேட்டு வையுங்கள், பெரிய வாரத்தில் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.