நெஞ்சில் டியூப் போட்டு ஆறு நாள், தண்ணீர் பாட்டிலில் இன்னும் குமிழ். ஆபரேஷனுக்கு அனுப்பலாமா?

தேவகோட்டை சிஸ்டர்:
பேஷண்டுக்கு 23 வயசு, ஒல்லியான நெட்டை உடம்பு, சிகரெட் உண்டு. நெஞ்சுக்குள் காற்று கசிந்து வலது நுரையீரல் சுருங்கியது இது இரண்டாவது தடவை. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் டியூப், அதன் மறுநுனி தண்ணீர் பாட்டிலுக்குள். அமைதியாகப் படுத்திருந்தால் குமிழ் இல்லை, இருமினால் வருகிறது. எக்ஸ்ரேயில் மேல்நுனி விரியவே இல்லை. டாக்டர் மதுரைக்கு அனுப்பலாம் என்கிறார். பையனின் ஆத்தா, "இன்னும் நாலு நாள் பொறுத்தா தானா மூடிக்காதா? நெஞ்சைக் கிழிக்கணுமா?" என்று கேட்கிறார். என்னென்ன வழி இருக்கிறது?

மதுரை நெஞ்சறுவை:
சிஸ்டர், முதலில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டியூபை நெஞ்சுக்குப் பக்கத்தில் விரலால் ஒரு நொடி அழுத்திப் பிடித்து இருமச் சொல்லுங்கள். அப்போதும் குமிழ் வந்தால் கசிவு டியூபின் இணைப்பில். பிளாஸ்திரியை மாற்றினாலே சரியாகிவிடும். நின்றுவிட்டால் காற்று நெஞ்சுப் பக்கத்திலிருந்து வருகிறது. ஆனால் டியூபின் பக்க ஓட்டை தோலுக்கு வெளியே வந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும், கட்டைப் பிரித்துப் பாருங்கள்.

நுரையீரல் கசிவுதான் என்றால் காத்திருக்க வேண்டாம். அஞ்சு நாள் தாண்டிய கசிவு, அதே பக்கம் இரண்டாவது தடவை: இரண்டில் ஒன்றே ஆபரேஷனுக்குப் போதும். நெஞ்சைக் கிழிப்பதில்லை என்று ஆத்தாவிடம் சொல்லுங்கள். கீஹோலில் இரண்டு மூன்று சிறு துளை, ஒன்றில் கேமரா. இந்த வயசில் பெரும்பாலும் நுரையீரல் மேல்நுனியில் காற்றுக் கொப்புளம் இருக்கும். அதை ஸ்டேப்ளரால் வெட்டித் தைத்துவிடுவோம்.

அதோடு விட்டால் திரும்ப வரலாம். அதனால் நெஞ்சுச்சுவரின் உள்சவ்வைச் சுரண்டியோ, மேல்பகுதியில் உரித்தோ விடுவோம். புண் ஆறும்போது நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கீஹோலுக்குப் பின் 100 பேரில் சுமார் 5 பேருக்குத் திரும்ப வரலாம். விலா நடுவே திறந்து செய்தால் சுமார் ஒருவருக்கு. ஆனால் திறந்தால் வலி அதிகம், அதனால் இந்தப் பையனுக்குக் கீஹோல்தான் என் தேர்வு.

சிவகங்கை நுரையீரல் பிரிவு:
அதற்கு முன் சளிப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் கட்டாயம். நம் பக்கத்தில் காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது. காசநோயால் ஓட்டை விழுந்திருந்தால் மருந்துதான் முதலில். டியூபும் பல வாரம் இருக்கலாம்.

மயக்க மருந்து தாங்காத வயசானவர்களுக்கு டியூப் வழியாகவே டால்க் பவுடர் கரைசல் விட்டு நுரையீரலைச் சுவரோடு ஒட்டவைப்பது உண்டு. மருத்துவத்துக்கென்றே வரும் பெரிய துகள் டால்க் வேண்டும். நுண்துகள் ரத்தத்தில் கலந்தால் மூச்சே திணறிப்போகும். பையனின் சொந்த ரத்தத்தையே எடுத்து டியூபில் விடும் முறையும் இருக்கிறது, ஆனால் இவன் ஆபரேஷனுக்குத் தகுந்த உடம்பு.

மதுரை நெஞ்சறுவை:
ஒரே ஒரு விஷயம், இதில்தான் தவறு நடக்கிறது. திருப்பத்தூர், மேலூர் வழியாக ஆம்புலன்ஸில் வரும்போது தண்ணீர் சிந்துமே என்று டியூபைக் கிளாம்ப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். குமிழ் வரும் டியூபை அடைத்தால் காற்று உள்ளேயே சேர்ந்து இதயத்தை மறுபக்கம் தள்ளும். வழியிலேயே உயிர் போகலாம். பாட்டில் நெஞ்சுக்குக் கீழேயே நிமிர்ந்து இருக்கட்டும், டியூப் நுனி தண்ணீருக்குள் 2 செ.மீ. பாட்டில் உடைந்தால் டியூப் நுனியைச் சலைன் பாட்டிலுக்குள் அமிழ்த்தச் சொல்லுங்கள்.

தேவகோட்டை சிஸ்டர்:
பிடித்துப் பார்த்தேன் டாக்டர், குமிழ் நின்றது. பக்க ஓட்டை உள்ளேதான் இருக்கிறது. சளி அனுப்பியாச்சு. கூட வரும் ஆளிடம் சலைன் பாட்டில் ஒன்று கொடுத்துவிடுகிறேன்.