வேட்பாளரிடம் கேட்க விடாத ஒரு கேள்வி

ஆசிரியை, சென்னைப் புறநகர்:

2024 மக்களவைத் தேர்தலின்போது ஒரு தொலைக்காட்சி நிறுவனம் எங்கள் பகுதித் திருமண மண்டபத்தில் வேட்பாளர்களை மேடையேற்றி நடத்திய விவாதத்துக்கு, எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அக்காவோடு சென்றிருந்தேன். அவருடைய கணவர், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியபோது விஷவாயு தாக்கி இறந்தவர்.

கூட்டணி ஏன் முறிந்தது, வாக்கு வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்பதிலேயே ஒன்றரை மணி நேரம் கழிந்தது. அக்காவிடம் இருந்தது ஒரே கேள்வி: "என் வீட்டுக்காரரை உள்ளே இறக்கியவருக்குத் தண்டனை கிடைக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?" ஒருங்கிணைப்பாளர் அந்தத் தாளை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு, "இது மாநகராட்சி விஷயம்மா, எம்.பி. தேர்தலுக்குப் பொருந்தாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

பொருந்தாது என்றதைத்தான் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகளின்றிச் சாக்கடையிலோ மலக்குழியிலோ மனிதரை இறக்குவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றமே. 1993 முதல் இவ்வாறு இறந்தோரின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தச் சட்டம் தன் தொகுதியில் ஏன் செயல்படவில்லை என்று, மக்களவைக்குப் போக விரும்புகிறவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? அக்கா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வீடு வரும் வரை எதுவும் பேசவில்லை.

ஓய்வுபெற்ற செய்தியாளர், மதுரை:

அம்மா, பத்திரிகைத் துறைக்குள் இருந்தவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன். மலக்குழி மரணம் எங்கள் நாளிதழில் குற்றச் செய்தியாகவே பதிவாகும்: 'விஷவாயு தாக்கி இருவர் பலி', ஒப்பந்ததாரர் மீது வழக்கு, அத்துடன் சரி. காவல் நிலையச் செய்திகளைத் திரட்டுபவர் ஒருவர், வேட்பாளரைப் பேட்டி காண்பவர் வேறொருவர் என்பதால், அந்த மரணம் அரசியல் கேள்வியாக மாறுவதற்கு வழியே இருக்கவில்லை.

ஒருமுறை மட்டும் ஓர் இளம் செய்தியாளர் அதைக் கேட்டுவிட்டு வந்தார். வேட்பாளரும் தட்டிக்கழிக்காமல், அடைப்பு நீக்கும் இயந்திரங்கள் வாங்குவதைப் பற்றியும் பழைய வழக்குகளைப் பற்றியும் விரிவாகவே பதில் சொல்லியிருந்தார். பக்கத்தில் இடம் போதாமல் நான் வெட்டியது அந்தப் பத்தியைத்தான். கூட்டணி பற்றிய பதில் முழுமையாக வந்தது.