நுவரெலியா 2024: நம்ம வோட்டு எங்க போச்சு?

லிந்துலை தம்பி:
வணக்கம் எல்லாருக்கும், ஒரு டவுட்டு. 2012 சென்சஸ்ல நம்ம மாவட்டத்துல 7 லட்சத்து சொச்சம் சனம், அதுல இந்தியத் தமிழர்னு பதிஞ்சவங்க மட்டும் 53 வீதம், இலங்கைத் தமிழர்னு பதிஞ்சவங்க இன்னும் ஒரு 4 வீதத்துக்கு மேல. 2024 செப்டம்பர் ஜனாதிபதி எலக்ஷன்ல இங்க சஜித் 42, ரணில் 29, அநுர 22 வீதம். நவம்பர் பார்லிமென்ட் எலக்ஷன்ல பார்த்தா மாவட்டத்தோட 8 ஆசனத்துல 5 அநுர கட்சி சின்னம் திசைகாட்டிக்கு! ரெண்டே மாசத்துல நம்மாளுங்க எல்லாம் மாறிட்டாங்களா? எங்க மாமா காசுக்கு வித்துட்டானுங்கன்னு கத்துறாரு, எனக்கு நம்பிக்கை இல்ல.

கொட்டகலை அண்ணன்:
தம்பி, வீதத்த விடுங்க, வோட்டு எண்ணிக்கைய பாருங்க. அநுரவுக்கு செப்டம்பர்ல 1,05,057, நவம்பர்ல திசைகாட்டிக்கு 1,61,167. கூடினது 56 ஆயிரம் தான். ஆனா செல்லுபடியான மொத்த வோட்டு 4 லட்சத்து 74 ஆயிரத்துல இருந்து 3 லட்சத்து 88 ஆயிரத்துக்கு வந்துருச்சு, அதாவது 86 ஆயிரம் வோட்டு காணாம போச்சு. மாறினவங்கள விட வராதவங்க, செல்லாத வோட்டு போட்டவங்க தான் கூடன்னு தோணுது. அக்டோபர் 31 தீபாவளிக்கு கொழும்புல இருந்து வந்த பொடியன்க எல்லாம் திரும்பி கடைக்கு வேலைக்கு போயிட்டாங்க, நவம்பர் 14க்கு இன்னொரு தடவ லீவு கேட்டா எந்த மொதலாளி குடுப்பான், பஸ் காசு வேற. இது என் ஊகம், ஆனா எங்க தோட்டத்து லயன் வீடுங்கள்லயே வோட்டு இங்க, ஆளு கொழும்புலன்னு எத்தன பேரு.

மஸ்கெலியா அக்கா:
அது மட்டுமில்ல, போனஸ் ஆசனம்னு ஒன்னு இருக்குல்ல, மாவட்டத்துல மொத வர்ற கட்சிக்கு ஒன்னு சும்மா போகும். சஜித் கட்சி சின்னம் தொலைபேசிக்கு 1,01,589, ரணில் கட்சி சின்னம் யானைக்கு 64,672, கூட்டிப் பாருங்க 1,66,261, திசைகாட்டிய விட 5 ஆயிரம் கூட, சேந்து நின்னிருந்தா அந்த போனஸ் இவங்களுக்கு. நம்ம மலையக கட்சிங்க பிரிஞ்சு நின்னாங்க, தமிழ் முற்போக்குக் கூட்டணிக்காரங்க தொலைபேசில, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் யானைல. முன்னாடி 2020ல தொலைபேசி லிஸ்ட்ல நின்ன கூட்டணி ஆளுங்க மூணு பேரும் வந்தாங்க, ஏன்னா கட்சிக்கு போட்ட பிறகு அதே லிஸ்ட்ல பிடிச்ச ஆளுங்களுக்கு ஒருத்தர் மூணு விருப்பு வாக்கு போடலாம், தோட்டத்துல மூணு நம்பரையும் சேத்து போட்டாங்க. இந்த தடவையும் அதே மூணு பேரு தான், லிஸ்ட்டுக்கே ரெண்டு சீட்டுன்னா மூணாவது ஆளுக்கு எவ்வளவு விருப்பு வாக்கு விழுந்து என்ன!

வலப்பனை வாசி:
அக்கா, அப்படி சும்மா கூட்ட முடியாது. ரெண்டும் சேந்தா காங்கிரஸ் மேல கோவமா இருக்கறவன் தொலைபேசிக்கும் போட்டிருக்க மாட்டான். அப்புறம் எங்க பக்கத்தையும் பாருங்க. வலப்பனை, கொத்மலை, ஹங்குராங்கெத்த மூணும் சிங்கள ஆளுங்க கூடின தொகுதி, திசைகாட்டி அங்க நல்லா எடுத்தது. செப்டம்பர்ல ரணிலுக்கு சிலிண்டர்ல போட்ட எங்க பாட்டி, நவம்பர்ல யானையைத் தேடணும்னு தெரியாம முழிச்சாங்க, சின்னம் மாத்துறவங்க கிழவிங்கள யோசிக்கிறதே இல்ல. திசைகாட்டி லிஸ்ட்லயும் நம்ம பொண்ணு ஒருத்தர் வந்திருக்காங்க, அதையும் இழப்புல எழுதாதீங்க.

லிந்துலை தம்பி:
நன்றி அண்ணே, அக்கா. அப்ப தோட்டம் தோட்டமா யாரு யாருக்கு போட்டாங்கன்னு பார்க்க வழி இருக்கா?

கொட்டகலை அண்ணன்:
இல்ல தம்பி, ரிசல்ட் தொகுதி வாரியாத் தான் வரும், நுவரெலியா-மஸ்கெலியா ஒரே தொகுதி, பதிஞ்ச வோட்டர்ஸ் 3 லட்சத்துக்கு மேல, மத்த மூணையும் கூட்டினாலும் இதுக்கு வராது. நானுஓயாவுல என்ன நடந்துச்சு நோர்வூட்டுல என்ன நடந்துச்சுன்னு எல்லாம் ஒரே கலவை. 2025 மே 6 உள்ளூராட்சி ரிசல்ட்ட எடுங்க, அதுல கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட், அக்கரபத்தனைன்னு பிரதேச சபை தனித்தனியா இருக்கு. முன்ன நுவரெலியா, அம்பகமுவன்னு ரெண்டே சபை தானே, இப்ப ஆறு. வட்டாரம் வரைக்கும் பிரிச்சு பார்க்கலாம், மாமாவுக்கும் காட்டுங்க.