டாடா மொபைல் பிக்கப் வண்டி: 10 நிமிஷம் ஓடி நின்னுடுது, இன்சூரன்ஸும் சரியா வரலை. அவசர உதவி

கொங்கு_பிக்கப்
வணக்கம். பழைய பிக்கப்பை வீட்டிலயே வச்சு ரெடி பண்ணிட்டிருக்கேன். டேங்க் இறக்கிக் கழுவியாச்சு, டீசல் ஃபில்டர், இன்ஜின் ஆயில், பேட்டரி எல்லாம் புதுசு. ஸ்டார்ட் ஆகுது, ஆனா 10 நிமிஷத்துல நின்னுடுது. ஹேண்ட் பம்ப் அடிச்சா திரும்ப ஓடும். மெக்கானிக் ஃபீட் பம்ப் (டேங்குல இருந்து டீசலை இழுத்துத் தர்றது) மாத்தணும்ங்கிறார். இன்னொண்ணு, ஆன்லைன்ல இன்சூரன்ஸ் பாத்தா தேர்டு பார்ட்டி (அடுத்தவங்க இழப்புக்கு மட்டும்) தான் வருது, நம்ம வண்டிக்கும் சேர்த்து வர்ற ஃபுல் கவர் காட்டவே இல்லை. 20ஆம் தேதி எஃப்சிக்கு (தகுதிச் சான்று) விடணும். என்ன பண்ணலாம்?

பட்டறை_மணி
எந்த வருஷ மாடல்? எத்தனை சிசி? நிக்கும்போது டக்குன்னு நிக்குதா, இல்ல திணறித் திணறி நிக்குதா? இது தெரியாம எதையும் மாத்தாதீங்க.

ஹைவே_ராசு
ஹீட்டர் பிளக் பாருங்க ப்ரோ. பழைய டாடாவுல பாதிப் பிரச்சினை அங்கதான். நாலையும் கழட்டி டெஸ்ட் லேம்ப் வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்.

சேலம்_டீசல்
ஹீட்டர் பிளக் வேலை செய்றது காலையில குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புற வரைக்கும்தான். சூடாகி 10 நிமிஷம் ஓடின இன்ஜினை அது எப்படி நிறுத்தும்? யோசிச்சு எழுதுங்க. கேள்வி கேட்டவரும் அப்படித்தான்: மாடல் இல்லை, பம்ப் வகை இல்லை, ஆர்சியில என்ன வகைன்னு இல்லை. வைத்தியர்கிட்ட போய் "உடம்பு சரியில்லை"ன்னு மட்டும் சொல்ற மாதிரி இருக்கு. கேள்வியை ஒழுங்கா கேட்டாதான் பதிலும் ஒழுங்கா வரும்.

கொங்கு_பிக்கப்
மன்னிச்சுக்கங்க. 1997 மாடல். ஆர்சியில 1948 சிசின்னு இருக்கு. திணறித் திணறித்தான் நிக்குது. புகை இல்லை. ஏழு வருஷமா ஷெட்டுல நின்ன வண்டி.

பட்டறை_மணி
திணறி நின்னா டீசல் வரத்துக் குறைவு. டக்குன்னு நின்னாதான் வயரிங், ஸ்டாப் சொலினாய்டு (டீசலை நிறுத்துற மின் வால்வு) பக்கம் போகணும். ஹேண்ட் பம்ப் அடிச்சா ஓடுதுன்னா இன்ஜெக்டரும் டைமிங்கும் நல்லாத்தான் இருக்கு. டேங்குல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள உறிஞ்சுற பக்கத்துலதான் கோளாறு.

ஃபீட் பம்புக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. 5 லிட்டர் கேன்ல சுத்தமான டீசல் எடுத்து, பம்பை விடக் கொஞ்சம் உயரத்துல கட்டுங்க. டேங்க் லைனைக் கழட்டிட்டு, டீசல் தாங்குற, உள்ள ஓடுறது தெரியுற பிளாஸ்டிக் ஹோஸ் வழியா கேன்ல இருந்து நேரா ஃபீட் பம்புக்குக் கொடுங்க. ரிட்டர்ன் லைனையும் அதே கேன்ல விடணும், இல்லாட்டி கேன் சீக்கிரம் காலியாகி நம்மளை ஏமாத்தும். ஃபில்டர் தலையில இருக்கிற பிளீட் ஸ்க்ரூவை (காத்தை வெளியேத்துற திருகு) தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வர்ற வரைக்கும் பம்ப் அடிச்சு இறுக்குங்க. அரை மணி நேரம் நிக்காம ஓடினா பம்ப் நல்லா இருக்கு, குற்றவாளி டேங்கும் லைனும். கேன்லயும் நின்னா அப்ப பம்பை, ஃபில்டர் தலையைப் பாக்கலாம்.

நாமக்கல்_லோடு
அதுக்கும் முன்னாடி ஒண்ணு. வண்டி திணற ஆரம்பிக்கும்போதே டேங்க் மூடியைத் திறங்க. புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்து இன்ஜின் சரியானா, மூடியில இருக்கிற காத்துத் துவாரம் அடைச்சிருக்கு. காசில்லாத வேலை.

பட்டறை_மணி
நல்ல யோசனை. டேங்கைத் தண்ணியில கழுவினீங்களா? கழுவிட்டு ஈரத்தோட வச்சா ஒரே ராத்திரியில உள்ள புதுத் துரு பூக்கும். அந்தத் தூள் உறிஞ்சு குழாயோட வலையில போய் உக்காரும். நிறுத்தினதும் கொஞ்சம் கீழ விழும், அதனாலதான் திரும்ப ஸ்டார்ட் ஆகுது. கழுவினா வெயில்ல நல்லாக் காய வச்சு, உடனே 2 லிட்டர் டீசல் ஊத்திச் சுழட்டி வெளியே கொட்டணும். டேங்குல ஓட்டை இருந்தா வீட்டுல வெல்டிங் வைக்கவே வைக்காதீங்க. காலி டேங்க்னு நினைக்கிறதுதான் ஆபத்து, உள்ள நிக்கிற ஆவி வெடிக்கும்.

லைன்ல ரப்பர் ஹோஸ் ஏழு வருஷத்துல கல்லு மாதிரி ஆகியிருக்கும். உறிஞ்சுற பக்கம் டீசல் வெளியே கசியாது, காத்துதான் உள்ள போகும். அதனால கீழ ஈரம் இல்லைன்னு விட்டுடாதீங்க. எல்லா ஹோஸும் மாத்துங்க. பாஞ்சோ போல்ட் (டீசல் உள்ளுக்குள்ள போற ஓட்டை போல்ட்) செம்பு வாஷர் பழசைத் திரும்பப் போடக் கூடாது. புதுசு கிடைக்கலைன்னா சிவக்கக் காய்ச்சி ஆற வச்சு மென்மையாக்கிப் போடலாம்.

கொங்கு_பிக்கப்
ஆமா, தண்ணியிலதான் கழுவினேன். கேன் சோதனை ஞாயித்துக்கிழமை பண்றேன். இன்சூரன்ஸ் பத்தி யாராச்சும் சொல்லுங்க. 50 வருஷம் ஆகாட்டியும் விண்டேஜ்னு போட்டா சலுகை உண்டுன்னு ஒருத்தர் சொன்னார்.

சேலம்_டீசல்
வராது. 2021ல வந்த விண்டேஜ் விதி முதல் பதிவுல இருந்து 50 வருஷம் ஆன, வாடகைக்கு ஓடாத சொந்த வண்டிக்கு. இன்சூரன்ஸ் பழைய கட்டண விதியில இருக்கிற விண்டேஜ் சலுகையோ 1940க்கு முந்தின கார்களுக்கு. 1997 பிக்கப் ரெண்டுலயும் இல்லை. ஆர்சியில வகை என்ன, கூட்ஸா தனியாரா? பேர் யாருது? கடைசி பாலிசி எப்ப முடிஞ்சது? இதை மூணாவது தடவை கேட்க வைக்காதீங்க.

கொங்கு_பிக்கப்
லைட் கூட்ஸ்னு இருக்கு. எஃப்சியும் பாலிசியும் அப்பவே முடிஞ்சுது. ஆர்சி அப்பா பேர்ல. அவர் இப்ப இல்லை.

பாலிசி_பக்கம்
இதைத்தான் முதல் வரியில எழுதியிருக்கணும் தம்பி. வண்டியோட வயசை விடப் பெரிய பிரச்சினை ஆர்சியில இருக்கிற பேர்.

இறந்தவர் பேர்ல சத்தமில்லாம ஆன்லைன்ல பாலிசி எடுத்தா காகிதம் கிடைக்கும், ஆனா நஷ்டம் வர்ற அன்னைக்கு யாருக்குப் பணம்னு கேள்வி வரும். உரிமையாளர்–ஓட்டுநர் விபத்து கவர் 15 லட்சமும் பதிவான உரிமையாளருக்குத்தான். அதனால வரிசை இப்படி வச்சுக்கங்க. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுகளோட சம்மதம் எடுத்துக்கிட்டு ஆர்டிஓல படிவம் 31. விற்பனைக்கான 29, 30 இதுக்குப் பொருந்தாது. சட்டப்படி மூணு மாசத்துக்குள்ள விண்ணப்பிச்சிருக்கணும், தாமதக் கட்டணம் வரலாம். வரி பாக்கி இருக்கான்னு இப்பவே பரிவாகன் (அரசோட வாகன இணையதளம்) போய்ப் பாத்துடுங்க.

பெயர் மாத்துறதுக்கும் எஃப்சிக்கும் இன்சூரன்ஸ் கேப்பாங்க. கிளை அலுவலகத்துக்கு நேர்ல போய், சட்ட வாரிசுன்னு எழுத்துல கொடுத்து தேர்டு பார்ட்டி கேளுங்க. 7500 கிலோ வரைக்கும் உள்ள பொதுச் சரக்கு வண்டிக்கு 2022ல அறிவிச்ச அடிப்படை பிரீமியம் 16,049 ரூபாய், வரி தனி. எஃப்சி இல்லாத போக்குவரத்து வண்டியைச் சட்டம் செல்லுபடியான பதிவு உள்ளதாவே கருதாது. அதனால ஃபுல் கவரைப் பேர் மாறி எஃப்சி வாங்கினப்புறம் கேளுங்க.

ஃபுல் கவருக்கு சர்வேயர் வந்து பாப்பார், ஏன்னா பாலிசி அறுந்து போச்சு. 90 நாள் தாண்டினதால பழைய நோ கிளைம் போனஸும் (கிளைம் கேக்காத வருஷங்களுக்கான தள்ளுபடி) போச்சு. 5 வருஷத்துக்கு மேல ஐடிவிக்கு (பாலிசியில போடுற வண்டி மதிப்பு) அட்டவணை இல்லை, பேசித்தான் முடிவு. இங்கதான் உங்க உழைப்பு கணக்குல வரும்: பில், வேலைக்கு முன் பின் போட்டோ எல்லாம் கோப்பாக் கொடுங்க. ஆனா கிளைம்ல 10 வருஷம் தாண்டின வண்டியோட உலோகப் பாகத்துக்குப் பாதி கழிச்சுடுவாங்க. டயர், பேட்டரி, ரப்பர், பிளாஸ்டிக்கும் பாதி. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. கூடுதல் பிரீமியம் அதுக்கு ஈடாகுதான்னு பாத்துட்டு எடுங்க.

ஹைவே_ராசு
முக்கியமானதை விட்டுட்டீங்க. கூட்ஸ் வண்டிக்கு பேட்ச் (லைசென்ஸ்ல போக்குவரத்து வண்டி ஓட்டத் தனி அனுமதி) இல்லாம ஓட்டினா கிளைமே வராது.

பாலிசி_பக்கம்
அது பழைய கதை. 2017ல உச்ச நீதிமன்றம் சொன்னதை 2024 நவம்பர் 6ஆம் தேதி 5 நீதிபதிகள் அமர்வு உறுதி பண்ணிடுச்சு. மொத்த எடை 7500 கிலோவுக்குக் கீழ இருக்கிற போக்குவரத்து வண்டியை எல்எம்வி (இலகுரக வண்டி) லைசென்ஸ்ல ஓட்டலாம்.

ஹைவே_ராசு
செக்போஸ்ட்ல நிக்கிறவங்ககிட்ட தீர்ப்பை வாசிச்சுக் காட்டுவீங்களா? பேட்ச் கேக்குறாங்க, அதுதான் நிஜம்.

நாமக்கல்_லோடு
ரோட்டுல கேக்குறது வேற, கிளைம்ல நிக்கிறது வேற. பேட்சை விடுங்க, நிஜமான ஆபத்து பின்னால ஆள் ஏத்துறது. சரக்கு உரிமையாளர், இல்லை அவரோட ஆள் சரக்கோட போனா கவர் இருக்கு. கல்யாணத்துக்கு, கோயிலுக்குன்னு ஆள் ஏத்திட்டுப் போய் விபத்து ஆனா கவர் இல்லை. இழப்பீட்டைக் கடைசியில வண்டிக்காரர் கையில இருந்துதான் வசூலிப்பாங்க.

சேலம்_டீசல்
பேட்ச் பேச்சுக்குத் தனி இழை இருக்கு, அங்க போங்க. கேட்டவருக்கு ஒரு வார்த்தை. பெயிண்ட் அடிக்கும்போது சாஸி நம்பர் இருக்கிற இடத்துல பட்டி (பள்ளத்தை நிரப்புற பூச்சு), அண்டர்கோட் (துருத் தடுப்புப் பூச்சு) எதுவும் படக் கூடாது. கிரைண்டரும் வைக்காதீங்க, கம்பி பிரஷ் போதும். நம்பர் மேல பேப்பர் வச்சுத் தேச்சு எடுக்கிற பென்சில் பிரிண்ட்ல ஒரு எழுத்து விழலைன்னாலும் எஃப்சியும் சர்வேயும் நின்னுடும். கலர் மாத்துறதா இருந்தா ஆர்சியிலயும் மாத்தணும். அதே கலர் அடிக்கிறது மேல்.

பட்டறை_மணி
கேபின் தரை துரு பிடிச்சிருந்தா பட்டி பூசி மறைக்காதீங்க. நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டி, 1.2 மிமீ தகடு வச்சு, 25 மிமீ இடைவெளியில புள்ளி புள்ளியா இடம் மாத்தி மாத்தி வெல்டிங் வைங்க. ஒரே இழுப்பா வச்சா தகடு வளையும். அதுக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு முனையும் கழட்டணும், இல்லாட்டி ஆல்டர்னேட்டர் டயோடு போயிடும். பட்டி 2 மிமீக்கு மேல போனா வெடிச்சு உதிரும்.

கொங்கு_பிக்கப்
கேன்ல 40 நிமிஷம் ஓடுச்சு, நிக்கலை. உறிஞ்சு குழாய் வலை முழுக்க துருத்தூள். ஹோஸ் எல்லாம் மாத்திட்டேன். மெக்கானிக்கிட்ட பம்ப் வேண்டாம்னு சொல்லிட்டேன். வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுத்தாச்சு, 20ஆம் தேதி எஃப்சி இல்லை. எல்லாருக்கும் நன்றி.

பட்டறை_மணி
வலையை மட்டும் சுத்தம் பண்ணினீங்களா, டேங்க் உள்பக்கமும் பாத்தீங்களா? உள்ள துரு இருந்தா ஒரு மாசத்துல திரும்ப அடைக்கும்.

நாமக்கல்_லோடு
மூடித் துவாரமும் பாத்தீங்களான்னு சொல்லுங்க.